தடை செய்யப்பட்ட எண்டோசல்பான்: காய்கறியில் இருந்தால் எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து லாரி லாரியாக காய்கறி கேரளாவுக்குப் போகிறது. தமிழகக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று 2015-ல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை சொன்னது. தமிழக விவசாயிகள் அதை மறுத்தார்கள். லோடு திரும்பி வந்தால் நஷ்டம் விவசாயிக்கு; காயில் விஷம் இருந்தால் பாதிப்பு சாப்பிடுபவருக்கு. இரண்டு பேருக்குமே பதில் சொல்ல வேண்டியது லேப்தான்.

எண்டோசல்பானுக்கு ஏன் தடை?

கேரளாவின் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் இந்த மருந்தை ஹெலிகாப்டரில் பல ஆண்டுகள் தெளித்தார்கள். சுற்றியுள்ள கிராமங்களில் நரம்புக் கோளாறு, பிறவிக் குறைபாடு என பாதிப்புகள் வெளிவந்தன. 2011 மே 13-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு தலா ரூ.5 லட்சம் வழங்க 2017 ஜனவரியில் உத்தரவிட்டது.

நிறம் மாறும் அட்டையில் தெரியுமா?

தெரியாது. சில நிமிடங்களில் ரிசல்ட் சொல்லும் இந்த அட்டைகள் பெரும்பாலும் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகளைத்தான் பிடிக்கும். எண்டோசல்பான் குளோரின் உள்ள ஆர்கனோகுளோரின் வகை. அதனால், அட்டையில் ஒன்றும் காட்டவில்லை என்றால் எண்டோசல்பான் இல்லை என்று அர்த்தம் கிடையாது.

அப்போ லேப்ல என்ன செய்றாங்க?

காயை அரைத்து, கரைப்பான் ஊற்றிக் குலுக்கி, மருந்து எச்சத்தைத் தனியே பிரிக்கிறார்கள். அதை கேஸ் குரோமட்டோகிராபி கருவியில் செலுத்தினால், ஒவ்வொரு ரசாயனமும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். வாசலில் நிற்பது எலக்ட்ரான் கேப்சர் டிடெக்டர். 1957-ல் ஜேம்ஸ் லவ்லாக் உருவாக்கியது. எண்டோசல்பான் மூலக்கூறில் 6 குளோரின் அணுக்கள் இருக்கின்றன. அவை எலக்ட்ரானை இழுத்துக்கொள்ளும்போது கருவியில் ஓடும் மின்னோட்டம் குறையும். அந்தக் குறைவுதான் சிக்னல். ஒரு கிலோ காயில் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே இருந்தால்கூட சிக்கிவிடும்.

வேறு ரசாயனமும் இதே நேரத்தில் வெளியே வரலாம் இல்லையா? அதனால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் மூலக்கூறை உடைத்துப் பார்த்து உறுதி செய்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்க்கணும்?

ஆல்பா எண்டோசல்பான், பீட்டா எண்டோசல்பான், எண்டோசல்பான் சல்பேட் ஆகிய மூன்று பெயர்களும் இருக்க வேண்டும். மூன்றாவது முக்கியம். தெளித்த மருந்து மண்ணில் சல்பேட்டாக மாறி நீண்ட நாள் தங்கும். அதைச் சோதிக்காமல் 'இல்லை' என்று சொன்னால், அது பாதி ரிப்போர்ட்தான்.

விவசாயிகள் பக்கம் ஒரே எச்சரிக்கை: லேபிள் இல்லாத பாட்டிலை வாங்காதீங்க, வாங்கும் மருந்துக்கு பில்லை பத்திரமாக வையுங்க.