தரங்கம்பாடியின் கலெக்டர் பங்களா

சுங்கை பஞ்சாங், கோல சிலாங்கூர் பக்கமிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு என்று ஒரு சுற்று வருவதுண்டு. அந்த வழியில், காரைக்காலுக்குச் சற்று வடக்கே இருக்கிறது தரங்கம்பாடி. பலர் வண்டியை நிறுத்துவதில்லை. அங்கே கடலைப் பார்த்து நிற்கும் பழைய கலெக்டர் பங்களா இன்று ஒரு தங்கும் விடுதி.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்ட டேனிஷ்காரர்கள், மிளகு வணிகத்துக்காக டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1706-இல் வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியதும் இங்கேதான். வணிகம் நொடித்தபின், 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேரம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள்.

தஞ்சை மாவட்டக் கலெக்டர் இங்கே குடிவந்தார். அந்த மவுசு பதினைந்து ஆண்டுதான். 1860-இல் தலைமையிடம் தஞ்சாவூருக்குப் போனது. மறு ஆண்டு ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது. சரக்கும் அந்தப் பக்கமே திரும்பியது. பிற்காலத்தில் நம் முன்னோர் பலர் மலாயாவுக்குக் கப்பலேறியதும் நாகையில்தான். தரங்கம்பாடி ஓய்ந்தது. ஆனால் இடித்துப் புதிதாய்க் கட்டப் பணம் புரளாததால்தான் அதன் ராஜ வீதி தப்பிப் பிழைத்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

ராஜஸ்தானில் பாழடைந்த கோட்டையை விடுதியாக்கிப் பேர் வாங்கிய நீம்ரானா நிறுவனம், இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் பங்களாவைச் செப்பனிட்டது. அகலத் தாழ்வாரமும் வரிசைத் தூண்களும் அப்படியே இருக்கின்றன. அறைகளுக்கு டேனிஷ் கப்பல்களின் பெயர்கள். கடலோரத்தில் பழைய கட்டடத்தைக் காப்பது எளிதல்ல. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே சிக்கி, பூச்சு பொருக்குப் பொருக்காய் உதிரும்.

2004 டிசம்பர் 26 சுனாமி மீனவர் குடியிருப்பைச் சூறையாடி, பல உயிர்களைக் கொண்டுபோனது. பங்களா நின்றது. அருகில், 14-ஆம் நூற்றாண்டு மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ விழுங்கிவிட்டது.

விடுதி வாடகை எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. வீதியில் நடக்கக் காசு வேண்டாம். கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் உண்டு. அடுத்த முறை நாகூர் போகும்போது அரை நாள் ஒதுக்கி, பிள்ளைகளையும் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.