உட்கார இடம் தரும் பாலம்

உலகின் சிறந்த கட்டடங்கள் என்று பட்டியல் போடுபவர்கள் கோபுரத்தையும் மாளிகையையும் சேர்ப்பார்கள். பாலம் இடம் பிடித்தால் அது நீளத்துக்காகவோ உயரத்துக்காகவோ இருக்கும். வெறும் 133 மீட்டர் நீளமுள்ள ஒரு பாலத்தை நான் அந்தப் பட்டியலின் உச்சியில் வைப்பேன். ஈரானின் இஸ்ஃபஹான் நகரில், ஜாயந்தே ரூத் ஆற்றின் குறுக்கே நிற்கும் காஜு பாலம் அது. மதகு, ஷட்டர், வாய்க்கால் என்றே பணிக்காலத்தைக் கழித்த பொறியாளன் நான். அதனால் இந்தப் பாலத்தின் அருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிகிறது என்று நினைக்கிறேன்.

சஃபவி வம்சத்து மன்னர் இரண்டாம் ஷா அப்பாஸ் 1650 வாக்கில் இதைக் கட்டினார். அதே ஆற்றில், மேற்கே, அதைவிட அரை நூற்றாண்டு மூத்த இன்னொரு பாலம் இருக்கிறது. தளபதி அல்லாவெர்தி கான் எழுப்பிய 33 கண் பாலம், ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். சுற்றுலாப் படங்களில் பெரும்பாலும் வருவது அதுதான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காஜு செய்யும் வேலைகள் அதிகம்.

மேல்தளத்தின் நடுவே குதிரைக்கும் வண்டிக்கும் பாதை. இரு ஓரத்திலும் வளைவுகளுக்குள் நடந்துபோகிறவர்களுக்குத் தனி வழி. சரியாகப் பாலத்தின் மையத்தில், ஓவியமும் ஓடும் பதித்த மண்டபம்; மன்னர் ஆற்றைப் பார்த்தபடி அமர்வதற்கு. இவ்வளவும் மேலே. கீழே இறங்கினால் அது ஓர் அணை. கண்களில் மதகுப் பலகைகளை இறக்கினால் நீர் வரும் மேற்பக்கத்தில் நீர்மட்டம் உயரும்; அந்த நீர் கரையோரத் தோட்டங்களுக்குப் போகும். தூண்களின் மேற்பக்கம் தண்ணீரைப் பிளக்கும்படி கூர்மையாக இருக்கிறது. கீழ்ப்பக்கமோ அகலமான கற்படிகளாக இறங்குகிறது. கண்களுக்கு ஊடே வரும் தண்ணீர் அந்தப் படிகளுக்கு இடையில் ஓசையோடு விழுந்து ஓடும்.

அந்தப் படிகளைத்தான் நான் சொல்ல வந்தேன். நீர் விழும் வேகத்தில் அடித்தளம் அரிபடாமலிருக்கக் கீழ்ப்பக்கம் கல் பாவுவது அணைகளில் வழக்கம். அதைச் சரிவாகப் போட்டாலும் வேலை நடக்கும். இங்கே அதைப் படிக்கட்டாக்கி, மனிதர் உட்காரும் அளவில் செதுக்கியிருக்கிறார்கள். பணம் கொடுத்தவர் மன்னர், மண்டபமும் அவருக்குத்தான். ஆனாலும் நகரத்து மக்கள் கால் நனைத்து உட்கார இடம் வைத்துவிட்டார்கள். அரண்மனைகளைப் பார்த்து வியந்திருக்கிறேன். இந்தப் படியில் உட்கார்ந்தபோதுதான் கட்டியவர்கள் மேல் எனக்கு அன்பு வந்தது.

வசந்தம் பிறக்கும் மார்ச் 20 அல்லது 21 ஈரானியருக்குப் புத்தாண்டு, நவ்ரூஸ். அதன் பதின்மூன்றாம் நாள் சீஸ்தா பெதர். அன்று வீட்டுக்குள் அடைந்து கிடப்பது நல்லதல்ல என்பது நம்பிக்கை. நாடே பாயும் பாத்திரமுமாக வெளியே கிளம்பிவிடும். இஸ்ஃபஹானில் பூங்கா, புல்வெளி, நக்ஷ்-இ-ஜஹான் சதுக்கம், ஆற்றங்கரை என எங்கும் விரிப்புகள். நான் போயிருந்த வசந்தத்தில் ஆற்றில் தண்ணீர் விட்டிருந்தார்கள். காஜுவின் படியில் ஒரு பாட்டி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். பக்கத்தில் பேரன் சமோவாரிலிருந்து தேநீர் பிடித்துக்கொண்டிருந்தான். லெட்யூஸ் இலையைக் கிள்ளி, வினிகரும் சர்க்கரையும் புதினாவும் காய்ச்சிய செகஞ்சபின் பாகில் தோய்த்து என் கையில் வைத்தார். புளிப்பும் இனிப்புமாக, வெயிலுக்கு அவ்வளவு இதம். பண்டிகைக்காக வீட்டில் முளைப்பாரி போல் வளர்த்த கோதுமைப் பயிரைப் பேத்தி தட்டோடு கொண்டுவந்திருந்தாள். கல்யாணமாகாத பெண்கள் அந்தப் பயிரில் முடிச்சுப் போட்டு வேண்டிக்கொள்வார்கள். அவளும் இரண்டு தாளைச் சேர்த்து முடிந்து, பயிரை ஓடும் நீரில் விட்டாள். பாட்டி அவளைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்.

இருட்டியதும் கீழ்த்தள வளைவுகளுக்குள் பாட்டு தொடங்குகிறது. வாத்தியம் இல்லை, மேடை இல்லை. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் தூணில் கை ஊன்றி எடுத்துக்கொடுக்க, செங்கல் வளைவு அந்தக் குரலை வாங்கிப் பெரிதாக்கித் தருகிறது. சுற்றி நிற்பவர்கள் கைதட்டிச் சேர்ந்துகொள்கிறார்கள். பாடுபவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பெண்கள் பொதுவெளியில் தனித்துப் பாட ஈரானில் தடை இருக்கிறது. அந்த வளைவுக்குள் ஒரு பெண் குரல் எப்படி ஒலிக்கும் என்று அங்கே நின்றபோது ஏக்கமாக இருந்தது.

ஆனால் ஆற்றில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை. கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக நகருக்குள் பல மாதங்கள் அது வெறும் விரிசல் மண். மழை குறைந்தது ஒரு காரணம். மேலே வயலுக்கும் ஆலைக்கும் எடுக்கும் நீர், யஸ்த் நகருக்குக் குழாயில் போகும் நீர் என்று மனிதர் செய்ததும் சேர்ந்தது. 2021 நவம்பரில் விவசாயிகளும் நகர மக்களும் ஆயிரக்கணக்கில், காஜுவுக்கு அருகே வறண்ட ஆற்றுப்படுகையிலேயே கூடித் தண்ணீர் கேட்டார்கள்.

பாலத்துக்கும் அந்தத் தண்ணீர் வேண்டும். பழைய ஈரானிய நீர்க்கட்டுமானங்கள் சாரூஜ் என்ற சாந்தை நம்பியவை. சுண்ணாம்பு, களிமண், சாம்பல் கலந்து ஈரத்தில் இறுகுவது. அடித்தளம் தொடர்ந்து காய்வது நல்லதல்ல என்று அங்குள்ள வல்லுநர்கள் எச்சரித்து வருகிறார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சியதால் நகரின் தரையும் அமிழ்கிறது. வண்ண ஓடுகளைப் புதுப்பிக்கும் காசில் ஒரு பங்கையாவது ஆற்றுக்குச் செலவிட வேண்டும் என்பதே என் கருத்து. அணையாகக் கட்டியதைத் தண்ணீரில்லாமல் காப்பாற்ற முடியாது.

போக வாய்ப்புக் கிடைப்பவர்களுக்கு: நவ்ரூஸ் விடுமுறை இரண்டு வாரம் நீளும், அறைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆற்றில் தண்ணீர் விடுவார்களா என்று விசாரித்துவிட்டு நாளைக் குறியுங்கள். பாலத்தின் மேலே படம் எடுத்துத் திரும்பிவிடாதீர்கள். மாலையில் கீழ்ப்பக்கப் படிக்கு இறங்குங்கள். யாராவது விரிப்புக்குக் கூப்பிட்டால், கூச்சப்படாமல் போய் உட்காருங்கள்.