முதியோர் இல்லங்களில் கணினிக் கல்வி: கருவி மட்டும் போதுமா?

இலங்கையின் சனத்தொகையில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது 12.4 சதவீதமாகப் பதிவாகியிருந்தது. அதாவது எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற அளவில் அன்றே முதியோர் இருந்தனர். அதன் பின்னர் இத்தொகை மேலும் உயர்ந்தே வந்துள்ளது. பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட, ஊரில் தனித்துப்போன பெற்றோரில் ஒரு பகுதியினர் முதியோர் இல்லங்களில் வாழ்கின்றனர். புலம்பெயர்ந்த உறவுகள் பிறந்தநாளிலும் நினைவு தினங்களிலும் இவ்வில்லங்களுக்கு ஒரு நேர உணவு வழங்குவது வடக்கிலும் கிழக்கிலும் வழமையாகிவிட்டது. அத்தகைய நல்லெண்ணம் கொண்டவர்களுக்கு, உணவுடன் ஒரு கணினியையோ கையடக்கத் தொலைபேசியையோ வாங்கிக் கொடுத்தாலென்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. நல்ல எண்ணம்தான். ஆனால் கருவியை வாங்குவது இவ்விடயத்தின் மிக இலகுவான பகுதியாகும். அதன் பின்னர் யார், எத்தனை மாதங்களுக்கு, முதியவரின் அருகில் அமர்ந்து கற்பிக்கப் போகின்றார் என்பதே கடினமான வினா. இவ்வினாவுக்கு விடை காணாத இடங்களில் கணினி சில வாரங்களில் துணி போர்த்தப்பட்டு மூலைக்குச் சென்றுவிடும்.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடு தழுவிய ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதைத் தொடர்ந்து, தொற்றுக்கு அஞ்சிப் பார்வையாளரைத் தடுக்க வேண்டிய நிலை முதியோர் இல்லங்களுக்கு உலகெங்கும் ஏற்பட்டது. பிள்ளையின் முகத்தைத் திரையில் காண்பதொன்றே அந்நாட்களில் எஞ்சியிருந்த வழி. இவ்வசதி ஆடம்பரமன்று, அடிப்படைத் தேவை என்பதை உணர்த்திய காலம் அது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இந்நாட்டில் நடைமுறையில் உள்ளது. எனினும் உரிமை என்றதும் உணவு, மருந்து, உறைவிடம் என்பவற்றுடன் நாம் நின்றுவிடுகின்றோம்.

"இந்த வயதில் இதெல்லாம் தலையில் ஏறுமா?" என்ற கேள்வியை முதலில் எழுப்புபவர்கள் பெரும்பாலும் முதியோரின் பிள்ளைகளே. இக்கேள்வி நமது நாட்டின் அண்மைக்கால வரலாற்றை மறந்து கேட்கப்படுவதாகும். 1990 ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் யாழ். குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டதும், ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கேற்றியதும், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதும் இன்று இல்லங்களில் இருக்கும் இதே தலைமுறைதான். கருவியைக் கண்டு அஞ்சும் மனிதர்கள் அல்லர் இவர்கள். தேவை எதுவென்று தெளிவாகத் தெரிந்தபோது அவர்கள் எதையும் கற்றுக்கொண்டனர். கணினி விடயத்தில் அத்தேவை எதுவென்று அவர்களிடம் கேட்கப்படாததே குறையாகும்.

இன்னொன்றையும் இங்கு குறிப்பிட வேண்டும். தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு உருவம் கொடுத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணம் சுண்டிக்குளியைச் சேர்ந்தவர். இலங்கையில் அரச அலுவலகங்களில் நெடுங்காலம் புழங்கிய ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பே, 2008 ஆம் ஆண்டின் எஸ்.எல்.எஸ். 1326 தரநிர்ணயத்தில் கணினிக்கான தமிழ் விசைப்பலகையாக இடம்பெற்றுள்ளது. ஆகவே கச்சேரியிலோ பாடசாலை அலுவலகத்திலோ தட்டெழுத்தாளராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் இல்லத்தில் இருப்பாராயின், தமிழ் எழுத்துகளை எங்கே தட்ட வேண்டும் என்பதை இளைஞரைவிட அவர் விரல்களே நன்கறியும். கற்பிக்கச் செல்பவர், "நீங்கள் முன்பு என்ன உத்தியோகம் பார்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டுத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும். தட்டெழுத்துத் தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. தொடுதிரையில் விரலால் தமிழில் எழுதினால் அதனை அச்செழுத்தாக மாற்றும் வசதியும், பேசினால் எழுத்தாகும் வசதியும் சாதாரண கையடக்கத் தொலைபேசிகளிலேயே இன்று கிடைக்கின்றன.

இனி உடலைப் பற்றிப் பார்ப்போம். முதியவருக்குக் கணினி பிடிபடவில்லை என்று நாம் கருதும் பல சந்தர்ப்பங்களில் தடையாக இருப்பது அறிவன்று, கண்ணும் விரலுமே. வயதாகும்போது கண்ணின் வில்லை மஞ்சள் நிறம் பெறுவதால் கருநீலத்துக்கும் கறுப்புக்கும் இடையிலான வேறுபாடு மங்கிவிடுகின்றது. தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்குமாக இரு பகுதிகள் கொண்ட கண்ணாடி அணிபவர், திரையைப் பார்க்கத் தலையைப் பின்னே சாய்க்க நேரிடுவதால் சிறிது நேரத்தில் கழுத்து வலியெடுத்து எழுந்துவிடுவார். திரையைச் சற்றுத் தாழ்த்தி வைத்தாலே போதும். மவுஸை அடுத்தடுத்து இருமுறை அழுத்துவது நடுங்கும் கைக்குப் பெரும் சோதனை. அந்த இரு அழுத்தங்களுக்கு இடையில் அனுமதிக்கப்படும் நேரத்தைக் கணினியிலேயே கூட்டிவிடலாம் என்பது கற்பிப்பவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. தொடுதிரை இதற்கு மாற்றாகத் தோன்றினாலும் அதிலும் சிக்கல் உண்டு. வரண்ட விரல் நுனியைத் திரை சில வேளைகளில் உணராது. உணரவில்லையென்று அவர் அழுத்திப் பிடித்தாலோ, கேட்காத வேறொரு பட்டியல் திறந்துகொள்ளும். தாம் எதையோ பழுதாக்கிவிட்டதாக அவர் அஞ்சிக் கையை எடுப்பது அந்தக் கணத்தில்தான். எழுத்தைப் பெரிதாக்குவது, திரையில் தேவையற்ற படக்குறிகளை நீக்கி நான்கைந்தை மட்டும் விடுவது, தொடுகையின் கால அளவை மாற்றுவது ஆகிய மூன்றையும் முதல் வகுப்புக்கு முன்னரே செய்து முடிக்க வேண்டும்.

நினைவாற்றலைப் பொறுத்தவரை, ஒரே வேளையில் பல செய்திகளை மனதில் தாங்கி நிற்கும் திறன் வயதுடன் குறைவது உண்மையே. ஆனால் திரும்பத் திரும்பச் செய்து கைப்பழக்கமாகிவிட்டது எளிதில் அழிவதில்லை. எனவே ஒரு வகுப்பில் ஒரு காரியம் என்பதே விதியாக இருத்தல் வேண்டும். அதனை ஐந்தாறு முறை அவரே செய்து, தம் கையெழுத்தில் கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும். கற்பிப்பவர் தம் கையைக் கட்டிக்கொண்டிருக்கப் பழகுவது அவசியம். "தாருங்கள், நான் செய்து தருகிறேன்" என்று தொலைபேசியை வாங்கிவிடும் பேரப்பிள்ளையிடமிருந்து எவரும் எதையும் கற்றதில்லை. நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் பதினெட்டு வயது இளைஞர் குரலை உயர்த்திப் பேசினால், அவர் மறுநாள் தலைவலி என்று கூறி அறையிலேயே இருந்துவிடுவார். அவரை 'ரீச்சர்' என்றே அழைத்துக் கற்பிப்பவருக்கு வகுப்பு நடக்கும்.

எதிலிருந்து தொடங்குவது? கணினியின் பாகங்கள் எவையெவை என்ற பாடசாலைப் பாடத்திட்டத்திலிருந்து தொடங்குவது தவறான வழி. 1990 ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 3.0 இல் சேர்க்கப்பட்ட சொலிட்டயர் கடதாசி விளையாட்டு, மக்களை மவுஸை இழுத்து விடுவதற்குப் பழக்கியதாகக் கூறப்படுவதுண்டு. வாழ்நாளெல்லாம் 304 விளையாடிய ஒருவருக்கு இதைவிட நல்ல முதற்பாடம் இல்லை. கடதாசி விளையாட்டை விரும்பாதோர் வண்ணம் தீட்டும் மென்பொருளில் தம் பெயரை எழுதிப் பழகலாம். அதன் பின்னர் அவரவர் விருப்பமே வழிகாட்டட்டும். ஒருவர் முதலில் தேடுவது மரண அறிவித்தல்களாக இருக்கலாம். தம் ஊரில் யார் இருக்கின்றார், யார் போய்விட்டார் என்பதை அறியும் உரிமை அவருக்குண்டு. இன்னொருவருக்கு நல்லூர்த் திருவிழா நேரலை, வேறொருவருக்குக் குர்ஆன் ஓதல், மற்றொருவருக்கு ஞாயிறு திருப்பலி. 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் மலர்களும் பெருந்தொகையாகச் சேர்க்கப்பட்டுள்ளன. தாம் எழுதி மறந்த கட்டுரையொன்றைப் பழைய மலரொன்றில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு இருக்கும்போது, எந்த ஓய்வுபெற்ற அதிபர் தேடுபொறியைக் கற்க மறுப்பார்?

முஸ்லிம் சமூகத்தில் முதியோரை இல்லத்தில் விடுவது இன்றும் அரிதாகவே உள்ளது. ஆயினும் பிள்ளைகள் கட்டாரிலும் சவூதியிலும் தொழில் புரிய, வீட்டில் தனித்திருக்கும் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் இங்கு கூறப்படுபவை யாவும் பொருந்தும்.

இக்கல்வியால் தனிமை நீங்கிவிடும் என்று மிகையாக நம்பிவிடவும் கூடாது. அமெரிக்காவில் முதியோர் குடியிருப்புகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் 100 பேரிடம் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டு வாரங்களில் ஒன்பது மணித்தியால இணையப் பயிற்சி வழங்கப்பட்டது. ஆய்வின் முடிவில் பயிற்சி பெற்றோரில் 60 சதவீதமானோர் வாரந்தோறும் இணையத்தைப் பயன்படுத்தினர். கற்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் தனிமை, மனச்சோர்வு ஆகிய அளவீடுகளில் உறுதியான வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. 2018 இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, தம் வீடுகளில் தனித்து வாழ்ந்த 65 முதல் 98 வயது வரையான 300 பேரை உள்ளடக்கியது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு முதியோருக்கெனவே எளிமையாக வடிவமைக்கப்பட்ட கணினி வழங்கப்பட்டது. மற்றையோருக்கு அதே தகவல்கள் அச்சுக் கோப்பாக வழங்கப்பட்டன. ஆறு மாதங்களில் கணினி பெற்றோரின் தனிமையுணர்வு குறைந்திருந்தது. பன்னிரண்டாம் மாதத்திலோ இரு பிரிவினருக்கும் இடையிலான வேறுபாடு நிலைக்கவில்லை. இரண்டையும் சேர்த்து நோக்கும்போது, பெட்டியும் இரண்டு வாரப் பயிற்சியும் மனிதரின் தனிமையைத் தாமாகத் தீர்ப்பதில்லை என்றே கொள்ள வேண்டியுள்ளது. மறுமுனையில் அழைப்பை எடுக்க ஒருவர் இருத்தல் வேண்டும். பிள்ளைகளுக்கும் இதில் பாடமுண்டு.

ஜப்பானின் மசாகோ வகாமியா 1935 இல் பிறந்தவர். வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெறும் காலத்தில் கணினி கற்று, 2017 இல் தமது 81 ஆவது வயதில் ஐபோனுக்கான விளையாட்டுச் செயலியொன்றை வெளியிட்டார். வியக்கத்தக்க பெண்மணி. ஆனால் கைதடி முதியோர் இல்லத்திலிருக்கும் ஒரு தாயை இந்த அளவுகோலால் அளப்பது நியாயமன்று. மகளின் பெயரைத் தாமே தேடி அழைப்பை எடுக்க முடிந்தால் அதுவே அவருக்குப் போதுமானதாக இருக்கலாம்.

அந்த அழைப்பு எப்போது எடுக்கப்படும் என்பது சிறிய விடயமாகத் தோன்றும். கனடாவின் ரொறன்ரோ நகரில் வேலை முடிந்து வீடு திரும்பிய மகன் இரவு எட்டு மணிக்கு ஓய்வாக அமரும்போது, இலங்கையில் கோடையில் மறுநாள் அதிகாலை ஐந்தரை மணி, குளிர்காலத்தில் ஆறரை மணி. இலண்டனில் இரவு எட்டு மணியென்றால் இங்கு நள்ளிரவைத் தாண்டிவிடும். கணினியை அலுவலக அறையில் வைத்து, காலை எட்டரைக்குத் திறந்து மாலை நான்கரைக்குப் பூட்டும் இல்லத்தில் இந்த உரையாடல்களில் எதுவுமே நிகழாது. நிர்வாகி எதிரே அமர்ந்திருக்க, இல்லத்தின் சாப்பாடு எப்படி என்று மகள் கேட்டால் தாய் என்ன பதில் கூறுவார்? கணினி பொது மண்டபத்தின் ஒதுக்குப்புறத்தில், நாற்காலியும் செவிப்பன்னியும் அருகிருக்க வைக்கப்பட வேண்டும்.

பணம் சார்ந்த விடயங்களில் அவசரம் ஆகாது. ஓய்வூதியம் வங்கிக்கு வந்ததா என்று குறுஞ்செய்தியில் பார்க்கக் கற்பிப்பது நல்லது. அதற்கு முன்னர், வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி இரகசிய இலக்கத்தைக் கேட்பவருக்கு அதனைச் சொல்லாதிருக்கக் கற்பிக்க வேண்டும். பரிசு விழுந்துள்ளதாக வரும் செய்திகளும் அவ்வாறானவையே. கடவுச்சொல்லைப் பணியாளரிடமோ தூரத்து உறவினரிடமோ கொடுத்து வைக்கும் வழக்கம் அன்பினால் தொடங்கிப் பிணக்கில் முடிவதுண்டு.

கற்பிப்பவர் யார் என்ற வினாவுக்குத் திரும்புவோம். கனடாவில் பாடசாலை மாணவர்கள் முதியோர் குடியிருப்புகளில் கணினி கற்பித்த முயற்சி 'சைபர் சீனியர்ஸ்' என்ற ஆவணப்படமாக 2014 இல் வெளிவந்தது. இங்கும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாணவர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். 2005 இல் தொடங்கப்பட்ட நெனசல நிலையங்கள் கிராமங்களுக்குக் கணினியைக் கொண்டு சென்று, 2014 இல் பில் மற்றும் மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் விருதையும் பெற்றன. எனினும் நடக்க இயலாதவர் எந்த நிலையத்துக்கும் செல்ல முடியாது. கற்பிப்பவரே இல்லத்துக்கு வர வேண்டும். வாரத்தில் இரு நாட்கள், ஓராண்டுக்கு, சிறு கொடுப்பனவுடன் ஓர் இளைஞரை நியமிப்பது பத்துக் கணினிகளை வழங்குவதிலும் பயனுள்ளது என்பது எமது கருத்து. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டுப் படக்குறி இடம் மாறும் நாளில் கொப்பியில் எழுதியது பயனற்றுப் போகும். அன்றைக்கு அந்த இளைஞர் அங்கிருக்க வேண்டும்.

கற்க விரும்பாதவரை வற்புறுத்தவும் கூடாது. கற்றவரிடம் ஒரு விடயத்தைக் காலத்தோடு கேட்டு எழுதி வைக்க வேண்டும். அவர் காலமான பின்னர் அத்தொலைபேசியும், அதிலுள்ள புகைப்படங்களும், குரற்பதிவுகளும் எந்தப் பிள்ளையிடம் செல்ல வேண்டும், எவை அழிக்கப்பட வேண்டும் என்பதே அது. கட்டிலையும் அலுமாரியையும் அடுத்தவருக்கு ஒதுக்கிவிடும் இல்லங்களில் இதற்கென ஒரு பதிவேடு இருப்பது நல்லது.