நெஞ்சு படபடப்பும் நான்கு குழாய்களும்

நம் இதயம் நாம் மூடிய கை அளவுதான் இருக்கும். ஆனால் அது ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. நாம் தூங்கினாலும் அது தூங்குவதில்லை.

இதயத்தில் நான்கு அறைகள் உண்டு. மேலே இரண்டு. கீழே இரண்டு. முதலில் மேல் அறைகள் சுருங்கும். பிறகு கீழ் அறைகள் சுருங்கும். இரண்டு பேர் ஒரே உரலில் மாறி மாறி உலக்கை போடுவது போல இது நடக்கிறது. தாளம் தப்பினால் என்ன ஆகும்? உலக்கைகள் மோதும். வேலை கெடும். இதயத்திலும் அப்படித்தான்.

தாளம் போடுவது யார்?

வலது மேல் அறையின் உச்சியில் ஒரு சிறு தசை முடிச்சு இருக்கிறது. அது மிகச் சிறிய மின்சாரத் துடிப்பை அனுப்புகிறது. அந்த உத்தரவின்படி இதயம் சுருங்குகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு.

சிலருக்கு வேறு இடத்திலிருந்தும் உத்தரவுகள் கிளம்புகின்றன. அப்போது மேல் அறைகள் சரியாகச் சுருங்குவதில்லை. வெறுமனே நடுங்குகின்றன. நாடி தாறுமாறாக ஓடுகிறது. படபடப்பு, களைப்பு, மூச்சு வாங்குதல் வரலாம். சிலருக்கு எதுவுமே தெரியாது. இந்த நோயை மருத்துவர்கள் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்கிறார்கள். நாம் ‘மேல் அறை நடுக்கம்’ என்று சொல்லலாம்.

இதில் என்ன ஆபத்து?

நடுங்கும் அறையில் இரத்தம் தேங்குகிறது. தேங்கிய இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போய்க் குழாயை அடைத்தால் பக்கவாதம் வரும். இந்த நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு அதிகம்.

தவறான உத்தரவு எங்கிருந்து வருகிறது?

இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டு வரும் குழாய்க்குச் சிரை என்று பெயர். நுரையீரலில் பிராணவாயு கலந்த இரத்தம் சிரைகள் வழியாக இடது மேல் அறைக்கு வருகிறது. வலது நுரையீரலிலிருந்து இரண்டு, இடது நுரையீரலிலிருந்து இரண்டு. பெரும்பாலும் ஆக நான்கு சிரைகள்.

1998-இல் பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசாகேர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். அவர்கள் 45 நோயாளிகளைச் சோதித்தார்கள். தவறான உத்தரவு கிளம்பும் 69 இடங்களைக் கண்டார்கள். அவற்றில் 65 இடங்கள் இந்தச் சிரைகளுக்குள்ளே இருந்தன!

இரத்தக் குழாயிலிருந்து எப்படி உத்தரவு வரும்? இதயத் தசை, அறையின் சுவரோடு நின்றுவிடுவதில்லை. சட்டையின் கை நம் கையை மூடுவது போல, அது சிரையின் மேலும் சிறிது தூரம் படர்ந்திருக்கிறது. அந்தத் தசையிலிருந்துதான் தவறான துடிப்பு கிளம்புகிறது.

மருத்துவம் என்ன?

இடம் தெரிந்ததால் வழியும் பிறந்தது. தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக மெல்லிய குழாய்க் கருவியை இதயத்துக்குள் செலுத்துகிறார்கள். நெஞ்சைத் திறப்பதில்லை. நான்கு சிரைகளின் வாயைச் சுற்றி, வட்டமாகச் சூடு வைக்கிறார்கள். அல்லது உறைய வைக்கிறார்கள். அங்கே தழும்பு உண்டாகிறது. தழும்பு வழியாக மின்சாரம் போகாது. வரப்பு போட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகாது அல்லவா? அதுபோலத்தான். இரத்தம் வழக்கம்போல வரும். தவறான உத்தரவு மட்டும் நின்றுவிடும்.

எல்லோருக்கும் சிரைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு இரண்டு சிரைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். சிலருக்கு ஒன்று கூடுதலாக இருக்கும். சிரைக்கு உள்ளேயே சூடு வைத்தால் அது சுருங்கிப் போகலாம். அதனால் வாய்க்கு வெளியே வைக்கிறார்கள். சிரைகளின் அமைப்பை அறிந்து செய்வது இதனால்தான் முக்கியம்.

இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் தேவைப்படாது. பலருக்கு மாத்திரைகளே போதும். சிலருக்கு நோய் திரும்பவும் வரலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. படபடப்பு நின்றாலும் நிறுத்தக் கூடாது.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. சிறு வயதில் தொண்டை வலிக்குப் பின் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் சிலருக்கு வரும். அது பின்னாளில் இதய வால்வைக் கெடுக்கலாம். அதனாலும் மேல் அறை வீங்கி நடுங்கும். இவர்களுக்கு வால்வுக்கும் சிகிச்சை வேண்டும். எனவே குழந்தைகளின் தொண்டை வலியை அலட்சியம் செய்யாதீர்கள்.

நாம் என்ன செய்யலாம்?

மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், இரண்டு விரல்களை வையுங்கள். ஒரு நிமிடம் முழுதும் நாடியை எண்ணுங்கள். துடிப்பு சீராக இருக்கிறதா? விட்டு விட்டு, தாறுமாறாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குச் சில நிமிடங்களே ஆகும். வலிக்காது. 65 வயதைக் கடந்தவர்களும், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களும் அவசியம் நாடி பார்க்க வேண்டும். குடிப்பழக்கமும் இந்த நோயைக் கொண்டு வரும்.

திடீரென வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குளறினால் காத்திருக்காதீர்கள். பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். ஒவ்வொரு நிமிடமும் மூளையைக் காக்கும் நிமிடம்.