போர்த்துகல் லீக்: சீசனுக்கு முன் ஒரு பார்வை

கோவாவில் ரயில்வே பணியில் இருந்தபோது என்னைத் தொற்றிக்கொண்டது இந்தப் போர்த்துகல் கால்பந்துப் பித்து. ஆகஸ்டில் சீசன் தொடங்கும். 18 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 34 ஆட்டங்கள்.

1934-35இல் ஆரம்பித்த இப்போட்டியில் பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் தவிரப் பட்டம் வென்றவை இரண்டே: 1946இல் பெலனென்சஸ், 2001இல் போவிஷ்டா. எனவே மூவரில் ஒருவர் என்பது சுலபமான கணிப்பு. ஆனால் மூவரும் ஆட்களை விற்பவர்கள். 2024-25இல் 39 கோல் அடித்த யோகெரெஷை அந்தக் கோடையிலேயே ஸ்போர்ட்டிங் விற்றுவிட்டது.

நான் முதலில் பார்ப்பது பட்டியலின் அடியை. கடைசி இரு அணிகள் நேரே கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். அதே போவிஷ்டா 2025இல் கடைசியாக வந்து இறங்கியது. பாலத்தைச் சோதிப்பவன் தூணின் அடியைத்தானே முதலில் பார்ப்பான்?