மீண்டும் களரியேறிய நொண்டி

கூத்து என்றதும் நேயர்கள் பலருக்குக் கர்ணன் நினைவுக்கு வருவான். இராவணனும் வாலியும் வருவார்கள். நொண்டி வருவதில்லை. ஆயினும் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனையில் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்துகளைப் புதிதாக மேடையேற்றியபோது, 1962இல் கர்ணன் போரும், 1964இல் இராவணேசனும், 1967இல் வாலிவதையும் வர, இடையே 1963இல் வந்தது நொண்டி நாடகம். தென்மோடியைச் சேர்ந்தது. மற்றைய மூன்றும் போரும் சாவுமாக இருக்க, பகிடிக்கென வந்தது இது ஒன்றுதான். இன்று மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

நொண்டி நாடகம் என்பது ஒரு தனிநூலின் பெயரன்று. ஓர் இலக்கிய வகையின் பெயர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் தமிழ்நாட்டில் செல்வாக்குப் பெற்றிருந்தது. திருச்செந்தூர் நொண்டி, திருக்கச்சூர் நொண்டி, சீதக்காதி நொண்டி எனப் பல உண்டு. கதை பெரும்பாலும் ஒன்றே. ஊதாரி ஒருவன் தாசி வீட்டில் பொருளெல்லாம் தொலைக்கிறான், திருடப் போகிறான், குதிரை திருடுகையில் அகப்பட்டுக் கால் வெட்டப்படுகிறான், பின் தெய்வ அருளால் கால் வளரப் பெறுகிறான். திருச்செந்தூரில் அந்த அருள் முருகனுடையது. சீதக்காதி நொண்டியோ மக்காவுக்குச் சென்று குணமடைகிறான். சைவனுக்கும் இசுலாமியனுக்கும் ஒரே நொண்டி பொதுவாக இருந்தான் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

இந்த நாடகங்களின் உயிர் நொண்டிச் சிந்து. நொண்டி நடப்பது போன்ற நடை அதற்கு. பிற்காலத்தில் பாரதியார் 'பாரத ஜனங்களின் தற்கால நிலைமை'யைப் பாடுவதற்கு இதே சிந்தைத்தான் எடுத்தார். சிரிக்க வைத்த சந்தம் அழவும் வைத்தது.

நமது நொண்டி ஆடிய ஏறக்குறைய அதே காலத்தில், இத்தாலியின் தெற்கே நேப்பிள்ஸ் என்ற துறைமுக நகரிலும் இப்படியொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. கற்றோரின் மொழியை விட்டு ஊர்ப்பேச்சிலேயே பாடப்பட்ட நகைச்சுவை இசை நாடகங்கள் அவை. லியனார்டோ வின்சி (ஓவியர் அல்லர், இவர் இசையமைப்பாளர்) 1722இல் அமைத்த 'துடுப்புக் கப்பலில் காதலர்' அவற்றுள் ஒன்று. நெடுங்காலம் கையெழுத்துப் பிரதியாக உறங்கிய அதனை நேப்பிள்ஸைச் சேர்ந்த ரொபேர்ட்டோ டி சிமோனே 1979இல் மேடையேற்றினார். 2023இல் மிலான் நகரின் புகழ்பெற்ற ஸ்காலா அரங்கிலும் அது ஆடப்பட்டது. அங்கே இராகம் தாளில் இருந்தது. அந்தப் பேச்சில் பகிடி விடத் தெரிந்தவரைத்தான் தேட வேண்டியிருந்தது.

நம்மிடமோ இராகமும் தாளில் இல்லை. ஏட்டிலே பாட்டு இருக்கும். ஆட்டமும் மெட்டும் அண்ணாவியாரிடம் இருக்கும். ஆகவேதான் பேராசிரியர் ஏட்டோடு நிற்காமல் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்தார். 1956இல் சரச்சந்திராவின் 'மனமே' சிங்கள அரங்கில் பெற்ற வெற்றி அவருக்கு ஊக்கமளித்தது. விடிய விடிய ஆடுவதை நகர மேடைக்குரிய நேரத்துக்குள் சுருக்கினார். நாற்புறமும் சபையோர் சூழ்ந்த வட்டக் களரி ஒருமுக மேடையாயிற்று. படித்தவர்கள் முதன்முறையாகக் கூத்தை மதிப்போடு பார்த்தனர். அந்தச் சுருக்கத்தைக் குறை கூறுவோர் இந்தப் பயனை மறந்துவிடக் கூடாது.

ஆயினும் சுருக்கம் கர்ணனைப் பாதித்ததைவிட நொண்டியைக் கூடுதலாகப் பாதித்திருக்கும் என்பது என் எண்ணம். கர்ணன் எங்கே செத்தாலும் கர்ணன்தான். பகிடி அப்படியன்று. எங்கள் தேற்றாத்தீவில் சிறுவயதில் மணலில் பாய் விரித்துக் கூத்துப் பார்த்தபோது, பகிடி வேடக்காரன் சபையில் இருந்த ஒருவரின் வெற்றிலைப் பையைப் பறித்துக்கொண்டு களரியைச் சுற்றி ஓடினான். பையைப் பறிகொடுத்தவர் அவனுக்கு மாமன் முறை. ஊரே அறிந்த அந்த முறைதான் சிரிப்புக்குக் காரணம். இதை எந்த ஏட்டிலும் எழுத முடியாது. அயலூர் மேடைக்கு எடுத்துச் செல்லவும் முடியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. கால் இழந்தவரைப் பார்த்து இன்று சிரிக்கலாமா? போரில் கால் இழந்தோர் வாழும் மண் இது. நொண்டி தன் கதையைத் தானே பாடுகிறான். காலைவிடத் தன் மடமையையே அதிகம் பழிக்கிறான் என்று நான் விடை சொல்வேன். தாசியைப் பழிக்கும் இடங்களுக்கு அப்படி எளிதாக விடை சொல்ல இயலாது. ஆடும்போது அவற்றை எப்படிக் கொள்வது என்பதை ஊரார் கூடிப் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அதற்கும் ஒரு வழி நம்மிடமே தோன்றியிருக்கிறது. பேராசிரியர் சி. மௌனகுரு 1998இல் வெளியிட்ட 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' நூலில் ஆட்டம், தாளம், களரி அனைத்தும் விளக்கப்பட்டுள்ளன. கலாநிதி சி. ஜெயசங்கரும் அவருடன் சேர்ந்தவர்களும் சீலாமுனையில் செய்த கூத்து மீளுருவாக்கம், ஊரின் களரியிலேயே, ஊராருடன் பேசி, பிரதியை மாற்றி ஆடியது. இராவணேசன் பலமுறை மீண்டும் வந்துவிட்டது. நொண்டியை எடுப்பவர் இந்த இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். அதைவிட முதலில், தென்மோடித் தாளக்கட்டு தெரிந்த அண்ணாவியார் ஒருவரின் வாசலுக்குப் போக வேண்டும். அவர்களில் பலர் வயது முதிர்ந்தவர்கள்.