ஈயைக் கொல்லும் பூஞ்சணம்

மாரிக்காலத்தில் மாட்டுக் கொட்டிலின் கூரைக் கழிகளை உற்று நோக்குவோர், சில ஈக்கள் இறகுகளை மேலே தூக்கியபடி ஒட்டிக்கொண்டு செத்திருக்கக் காண்பதுண்டு. வயிறு பருத்து வெண்கோடுகள் தோன்றியிருக்கும். சுற்றிலும் மாவு தூவினாற்போல் வெண்பொடி படிந்திருக்கும். இஃது எண்டமாப்தோரா என்னும் பூஞ்சணத்தின் செய்கை. ஜெர்மானிய சாஸ்திரி பெர்டினாண்டு கோன் 1855-இல் இதனை விவரித்தார். வித்து ஈயின் தோலைத் துளைத்து உட்புகுந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதைக் கொல்கிறது. சாகுந் தறுவாயில் ஈ உயரமான இடம் நாடி ஏறுவதால், வித்துக்கள் கீழுள்ள ஈக்கள்மீது விழ ஏதுவாகிறது.

இப்பூஞ்சணத்தைப் பெருவாரியாய் வளர்ப்பது கடினம். அரிசி முதலிய தானியங்களில் சுலபமாய் வளரும் பவேரியா என்னும் வெண்பூஞ்சணமும், மெட்டாரைசியம் என்னும் பசும்பூஞ்சணமுமே விற்பனைக்கு வருகின்றன. பட்டுப்புழு வளர்ப்போர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். 1835-இல் இத்தாலியில் அகஸ்டினோ பாசி பட்டுப்புழு நோய்க்குக் காரணமென்று கண்டது இந்தப் பவேரியாவே. வளர்ப்பு மனைக்கும் மல்பெரித் தோட்டத்திற்கும் அருகில் இதைத் தெளிக்கலாகாது.

2021-இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்த பம்மலைப்போல் வீடுகள் நெருங்கிய ஊர்களில், எருக்குவியல் வைத்திருப்போருக்கு ஈயினால் அண்டை வீட்டாரின் மனத்தாங்கலும் வந்து சேருகிறது. குவியலைத் திறந்தே போட்டுவிட்டுப் பூஞ்சணத்தை மட்டும் நம்புவது வீண்செலவு. ஓர் ஈ ஒரு தடவையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டையிடும். அவை ஒரு நாளில் பொரிந்து, வெயிற்காலத்தில் சுமார் 10 நாட்களில் ஈயாகின்றன. புதுச்சாணக் குவியலின் உட்சூடு 50 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் ஏறுவதால் பூஞ்சணம் அதற்குள் பிழைப்பதில்லை. ஆகவே சாணத்தை அன்றாடம் குழியிலிட்டு மண்ணால் மூடுக. பூஞ்சணக் கரைசலை, வெயில் வித்தைக் கெடுக்குமாதலால், மாலையில் ஈக்கள் தங்கும் சுவர்களிலும் நிழற்பாங்கான மூலைகளிலும் தெளிக்க. மயில்துத்தம் கலந்த தெளிப்பானில் ஊற்றலாகாது.

தென்னையுடையார்க்கு இதே குழியில் மற்றொரு லாபமுண்டு. சூடு தணிந்து மக்கிய எருவிலேதான் காண்டாமிருக வண்டின் புழு வளர்கிறது. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சொல்லும் அளவு, 250 மில்லி லிட்டர் மெட்டாரைசிய வளர்ப்பிற்கு 750 மில்லி லிட்டர் நீர். இதை எருவில் ஈரம் இருக்கும்போதே தெளித்துக் கிளறுக. பின்னர்ப் புழுக்கள் விறைத்துப் பச்சைப் பொடி பூத்துக் கிடப்பின், அவற்றை எடுத்தெறியாமல் குழியிலேயே விட்டுவைக்க. அப்பொடியே அடுத்த புழுவுக்கு மருந்து.